தூக்க முடியாத வலது கை

அத்தியாயம் 4

முனியம்மாள் கஸ்பார் வீட்டு வாசலில் மூன்று படி ஏறினாள். அந்த மூன்று படிக்குள் அவளுடைய முழங்கால்கள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்து போயின. யாரோ பொரி வறுக்கிறார்கள் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

“ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு. வலது கொஞ்சம் கூட,” என்றார் கஸ்பார், அவள் வாயைத் திறக்கும் முன்பே. “பால் கறக்குறவங்க. குந்துனா எந்திரிக்க முடியாது. அதனால வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்து கறக்குறீங்க.”

முனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “சாமி! ஜோசியமுங்களா?”

“பொடவைக்குப் பின்னால வாளி அச்சு வட்டமாத் தெரியுதும்மா,” என்றாள் மணிமேகலை. “இதுக்குப் போயி கும்பிடாதீங்க. இவருக்கு ஏற்கெனவே தலைக்கனம், கழுத்து மூட்டு தாங்காது.”

கஸ்பார் தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தவர். மாவட்டத்தில் மடங்காத முழங்கால், நிமிராத முதுகு, திரும்பாத கழுத்து எதுவானாலும் அவர் கையில் ஒரு தடவையாவது அலறியிருக்கும். ஓய்வு பெற்ற மறுமாதமே காரிமங்கலத்தில் தன் வீட்டு வாசலில் ‘கஸ்பார் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டினார். மனிதன் வாயால் பொய் சொல்வான், மூட்டால் சொல்ல மாட்டான் என்பது அவர் கொள்கை. இதுவரை வந்த வழக்குகளில் பெரும்பாலானவை காணாமல் போன ஆடுகள். ஆட்டுக்கும் மூட்டு உண்டு என்று அவர் தன்னைத் தேற்றிக்கொள்வார்.

மனைவி புஷ்பமேரி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பிளசி அயர்லாந்தில் நர்ஸ். அந்த வீட்டு அமைதியைக் கூறு கட்டி வாரச் சந்தையில் விற்றால் காரிமங்கலம் முழுக்க ஒரு வருடம் காது குளிரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கறிக்கடையில் நிற்கும்போது அவர் மட்டும் நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். ஒற்றை ஆளுக்குக் கால் கிலோ கேட்டால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் கருவாடு மேல்.

உதவியாளர் மணிமேகலை ஆட்டோ ஓட்டுபவள். வாரநாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போவாள், மிச்ச நேரத்தில் கஸ்பாரை. பிள்ளைகள் தேவலை, இறங்கியதும் பேச்சை நிறுத்திவிடுகின்றன என்பது அவள் அபிப்பிராயம். கஸ்பாருக்கு ஆட்டோ தேவைப்பட்டதற்குக் காரணம் அவருடைய வலது முழங்கால். போன மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி, கால் திருகி, ஜவ்வு கிழிந்துவிட்டது. சில வாரங்களில் சரியாகும் என்று வைத்திய நூல்கள் சத்தியம் செய்யும் அந்தக் காயம், கஸ்பாரிடம் மட்டும் எல்லா நூல்களையும் எதிர்த்து இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. இடது கையில் எப்போதும் ஊன்றுகோல்.

“என்னையத் திருடின்னு சொல்லிட்டாங்க சாமி,” என்றாள் முனியம்மாள். அழவில்லை. அழுது முடித்து வந்திருந்தாள்.

கதை இதுதான். பக்கத்துக் கிராமத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர் பெரியண்ணன். அவருடைய மாடுகளைக் கறந்தது முனியம்மாள். அவருடைய காலஞ்சென்ற மனைவி மாதம்மாளின் நகைப்பெட்டி, ஒரு சின்னத் தகரப்பெட்டி, பரண்மேல் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகன் அருள்குமார் வந்தான். தன் மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் பாட்டி சங்கிலியைப் போடலாம் என்று பரணைப் பார்த்தான். பெட்டி இல்லை. பெரியண்ணனுக்கு வலது தோள் இறுகிப்போய் ஒரு வருடமாகக் கையே மேலே போகாது. பரண் விளிம்பைப் பிடிக்க ஒரு கை, பெட்டியை எடுக்க ஒரு கை வேண்டும். வீட்டுக்குள் வந்து போகிற வேறு ஆள் முனியம்மாள் ஒருத்திதான்.

“காத்தால பால் சொசைட்டிக்குப் போனா, எங்கூட்டு மாட்டுப் பாலுகூட வாங்க மாட்டேன்றாங்க. கேன தனியா ஓரமா வச்சிட்டாங்க. ‘பேரு தெளிஞ்ச பொறகு வா முனியம்மா’ங்கறாங்க. அத்தன சனமும் வரிசையில நின்னு பாக்குது. இன்னிக்கி அந்தத் தம்பி வருது. வந்தொடனே ஸ்டேசன்ல எழுதிக் குடுக்குதாம்.” அவள் தன் முழங்கால்களைத் தட்டிக் காட்டினாள். “இத வச்சிக்கிட்டு நான் பரண் ஏறுவனுங்களா?”

கஸ்பார் மேசையைத் தட்டினார். “வழக்கு முடிஞ்சது! இந்த முட்டி கட்டில் மேல ஏறாது. ஆகவே இவங்க எடுக்கல.”

“அவங்க மவன் சின்னராஜ் ஏறுவானே சார்,” என்றாள் மணிமேகலை. “பனமரமே ஏறுவான்.”

கஸ்பாருடைய முகம் காற்றுப் போன பலூன் மாதிரி ஆயிற்று. “வண்டிய எடு,” என்றார்.

*

“இறங்கும்போது எந்தக் கால் மொதல்ல?” படியில் நின்றபடி அவர் கேட்டார். எத்தனையாவது தடவை என்று கேட்கக் கூடாது.

“ஏற நல்ல காலு, எறங்க நோவுற காலு,” என்று மணிமேகலை பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். “பாரம் எப்பவும் நல்ல காலு தலையிலதான். குடும்பத்துல மாதிரி.”

“கம்பு எந்தக் கையில?”

“நோவுக்கு எதிர்க்கையில. ஏறுங்க சார், மழ வந்துரும்.”

மழைக்கான அறிகுறி வானத்தில் எங்கும் இல்லை. அந்தப் பக்கத்து மழைக்கு மூன்று வருட முன்னறிவிப்பு வேண்டும். ஆட்டோ சாமந்தித் தோட்டங்களையும் காய்ந்த கொள்ளுக்காடுகளையும் தாண்டிக் குலுங்கியது. முனியம்மாள் பின்சீட்டில் கஸ்பாருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“தோளு மட்டும் ஏன் சார் இப்படி மக்கர் பண்ணுது?” மணிமேகலை ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கத்தினாள்.

கஸ்பார் காத்திருந்த கேள்வி. “முழங்கால் கதவுக் கீல் மாதிரி. முன்னயும் பின்னயும்தான் போவும், திருகுனா கிழியும். இடுப்பு ஆட்டுக்கல்லுல குழவி மாதிரி, ஆழமா உக்காந்திருக்கும். தோள் இருக்கே, அது ஒகேனக்கல் பரிசல். எல்லாப் பக்கமும் சுத்தும். அதனாலயே சுலபமாக் கவுந்துரும்.”

“பெரியவருக்குக் கவுந்துருச்சா?”

“கவுறல. கட்டிப் போட்டாச்சு. மூட்டைச் சுத்தி ஒரு பை உண்டு. மொதத் தண்ணியில சுருங்குற காட்டன் சட்ட மாதிரி அது சுருங்கிப் போவும். சுகர்க்காரங்களுக்கு அதிகம். தல வாற முடியாது, சட்ட போட முடியாது. அடுத்தவங்க புடிச்சுத் தூக்குனாலும் போவாது.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன. அதுவே ஒரு நாள்...” என்று ஆரம்பித்த கஸ்பார், ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கியதில் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாக்கியம் பாதியில் நின்றது. வழக்கின் சாவி அந்தப் பாதியில் இருந்தது என்பது அவருக்கே அப்போது தெரியாது.

*

பெரியண்ணன் வாசலுக்கு ஓடி வந்தார். நடந்து வந்திருக்கலாம், ஓடித்தான் வந்தார். நல்ல உயரமான மனிதர், வெள்ளை வேட்டி, வலது கை விலாவோடு ஒட்டியிருந்தது.

“வாங்க வாங்க! உக்காருங்க! டீ சாப்புடறீங்களா, மோரா? மோரும் இருக்குது, டீயும் இருக்குது. மொதல்ல டீ, பொறவு மோரு. இந்த ரோட்டுல எப்பிடி வந்தீங்க? இந்த ரோடு போட்ட கான்ட்ராக்டரு கத தெரியுங்களா?”

சொன்னார். அதை முடித்துக் கிணறு வெட்டிய கதை சொன்னார். கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியின் கதை, அந்தக் கன்றுக்குட்டியின் தாயின் கதை. ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்த பேச்சு மதகு திறந்த மாதிரி வந்தது. கூடத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேல் நாற்காலியை எடுத்தபோது அதன் உட்காரும் பலகையில் கஸ்பாரின் விரல் தெளிவாகக் கோடு போட்டது. அவர் தன் வீட்டு நாற்காலிகளை நினைத்துக்கொண்டார். பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டார்.

முனியம்மாள் உள்ளே வரவில்லை. வாசலில் ஆட்டோவிலேயே இருந்தாள். தொழுவத்திலிருந்து மாடு அவளைப் பார்த்துக் கத்தியது. “சும்னே நில்லு!” என்று அவள் அங்கிருந்தே அதட்டினாள். அந்த மாடு கர்நாடகத்துச் சந்தையில் வாங்கியது, கன்னடத்தில் சொன்னால்தான் கேட்கும். பெரியண்ணன் அவள் குரலைக் கேட்டதும் கதையை ஒரு நொடி நிறுத்தினார். அவள் பக்கம் பார்க்கவில்லை.

“தோளப் பாக்கட்டுங்களா?” என்றார் கஸ்பார்.

பார்த்தார். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். கை இடுப்பளவு வந்ததும் தோள்பட்டை எலும்பு முழுசாகக் காதைத் தேடி மேலே ஏறியது. இறுகிய தோளின் அடையாளம் அது. கை போகாத இடத்துக்குத் தோளே போய்ப் பார்க்கும். கஸ்பார் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினார். திரும்பவில்லை. “ஆத்தாடி!” என்றார் பெரியண்ணன். முகத்தில் வந்த வலி அசல் வலியைவிட லட்சணமாக இருந்தது.

“நெசந்தான்,” என்று மணிமேகலையிடம் முணுமுணுத்தார் கஸ்பார். “எந்த நடிகனுக்கும் இவ்வளவு சரியா வராது.”

“அப்ப சின்னராஜ்தானா சார்?” அவள் குரல் இறங்கிவிட்டது. “அந்தம்மா வாசல்ல உக்காந்துருக்கு.”

“பரணைப் பாரு.”

பரணுக்கு நேர் கீழே இரும்புக் கட்டில். மணிமேகலை அதில் ஏறி, கையை முழுசாக உயர்த்தி விளிம்பைப் பிடித்து, நுனிக்காலில் நின்று செல்போன் விளக்கை அடித்தாள்.

“சார், தூசி மெத்த மாதிரி கெடக்கு. இதுல வெத போட்டா கேழ்வரகு வெளையும்.”

“பெட்டி இருந்த எடம்?”

“சதுரமா சுத்தமா இருக்கு. அங்கிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு பாதை வருது. பளபளன்னு. நம்ம நாலுவழிச் சாலைகூட இவ்வளவு வழுவழுன்னு இல்ல.”

கஸ்பார் ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். திருடன் ஒரு தடவைதான் எடுப்பான். ஒரு தடவை இழுத்தால் தூசியில் கீறல் விழும், பாதை விழாது. பாதை விழ வேண்டுமென்றால் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். திருடியதைத் திரும்ப வைத்து, மறுநாள் மறுபடி திருடுகிற திருடனை இந்த மாவட்டம் மட்டுமல்ல, எந்த மாவட்டமும் பார்த்ததில்லை.

அவர் தலையை உயர்த்தினார். அப்போதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. உள்கதவு நிலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், மாதம்மாளின் படம். மூக்குத்தி, வட்டப் பொட்டு, எதையோ கேட்கப் போகிற முகம். படத்தைச் சுற்றி மஞ்சள் சாமந்திச் சரம். ஒரு பூகூட வதங்கவில்லை.

“பூவு யாருங்க போட்டது?”

“அது... முனியம்மா போட்டதுங்க.”

“முனியம்மா இந்த வூட்டுக்குள்ள வந்து ஒரு வாரமாச்சு,” என்றாள் மணிமேகலை கட்டிலிலிருந்து இறங்கியபடி. “பூவு இன்னிக்கிப் பறிச்சது. பூவுக்கு வயசு மறைக்கத் தெரியாதுங்க.”

பெரியண்ணன் சட்டென்று எழுந்தார். “மோரு கொண்டாறேன்.”

அவர் சமையலறையிலிருந்து வரும்போது இடது கையில் நிறைய மோரோடு பெரிய சொம்பு இருந்தது. கஸ்பார் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். எடுத்தது கை தவறியது. விழுந்தது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

“அடடே,” என்றார் கஸ்பார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

“இருங்க, இருங்க, நீங்க ஏன் குனியுறீங்க!”

விருந்தாளியின் பொருள் கீழே விழுந்தால் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. பெரியண்ணன் குனிந்தார். இடது கையில் சொம்பு சிந்தாமல் நின்றது. முதுகு தரைக்கு இணையாக மடிந்தது. வலது கை கட்டிலுக்கு அடியில் நீண்டது, இன்னும் நீண்டது, காதைத் தாண்டி நேராக, ஈட்டி மாதிரி. கண்ணாடிக் கூடு அவர் விரலில் மாட்டியது.

அவர் நிமிர்ந்தபோது கை மறுபடி விலாவில் ஒட்டிக்கொண்டது. கஸ்பார் கூட்டை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் அந்த வலது தோளையே பார்த்தார்.

“என்னங்க?” என்றார் பெரியண்ணன்.

“ஒண்ணுமில்லீங்க. குனிஞ்சு கட்டிலுக்கு அடியில கைய நீட்டுறதும், நிமிந்து நின்னு பரணுக்குக் கையத் தூக்குறதும் தோளுக்கு ஒரே வேலதான். நடுவுல ஒடம்பு படுத்திருக்கா நிக்குதான்னு மூட்டுக்குத் தெரியாது. மூட்டுக்கு வானம் பூமி கெடையாதுங்க.”

பெரியண்ணன் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மணிமேகலை வாயைப் பிளந்தாள். “அப்ப ஒரு வருசமா நடிப்பா?”

“இல்ல,” என்றார் கஸ்பார். “மொதல்ல நெசம். அதனாலதான் அவ்வளவு சரியா வந்துச்சு. வண்டியில பாதியில விட்டனே, அந்தச் சேதி. இந்த நோவு வந்த மாதிரியே ஒரு நாளு தானாப் போயிரும். சுருங்குன பை மெல்ல மெல்ல விட்டுக் குடுக்கும். இவரு பண்ணுன தப்பு ஒண்ணே ஒண்ணுதான். கொணமாயிட்டாரு.”

வெளியே சாலையில் ஒரு கார் திரும்பும் சத்தம் கேட்டது.

*

பெரியண்ணன் சொம்பைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் கூட்டமாக வந்த பேச்சு இப்போது ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“நோவு வந்த பொறவுதான் அவன் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வர ஆரம்பிச்சான். அதுக்கு முன்ன பொங்கலுக்கு வருவான். சட்ட மாட்டி வுடுவான், தல வாரி வுடுவான். சின்னப் புள்ளையில நான் அவனுக்கு வாருனேன்... ஒரு நாளு தூங்கி எந்திரிச்சேன், பாத்தா கை மேல போவுது. எவ்வளவு பயந்து போயிட்டேன் தெரியுங்களா?”

“பெட்டி?”

“ராத்திரியில எறக்கி வச்சிக்குவேன். பக்கத்துல. அவ வளையலு, குங்குமச் சிமிழு எல்லாம் அதுலதான். வெடிஞ்சா மேல ஏத்திருவேன். போன வாரம் அவன் காத்தாலயே வந்துட்டான். காரு சத்தம் கேட்டுச்சு. தவிட்டு மூட்டைக்குள்ள திணிச்சிட்டேன். அவன் பரணப் பாத்தான், கத்துனான். முனியம்மா பேரச் சொன்னான். எனக்கு வாயி வரலீங்க.”

“ஒரு வாரமாவா வரல?” என்றாள் மணிமேகலை. கிண்டல் இல்லாத அவளுடைய குரலைக் கஸ்பார் அன்றுதான் கேட்டார். “அந்தம்மா கேன ஓரமா வச்சிட்டாங்க ஐயா. அத்தன சனம் முன்னால.”

கார் வாசலில் நின்றது. கதவு அறையும் சத்தம். “இவ இங்க என்ன பண்றா?” என்று அருள்குமாரின் குரல். “நேரா ஸ்டேசனுக்கே வா!”

கஸ்பார் பெரியண்ணன் பக்கம் குனிந்தார். “நான் சொன்னா அது துப்பு. நீங்க சொன்னா அது மானம். எது வேணும்னு நீங்களே பாத்துக்குங்க.”

பெரியண்ணன் பின்பக்கம் தொழுவத்துக்குப் போனார். அருள்குமார் உள்ளே வந்தபோது கூடத்தில் முன்பின் தெரியாத இருவர் தூசி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பின்னாலேயே முனியம்மாள் முழங்கால்கள் முறிய முறியப் படியேறி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யாரு நீங்க? அப்பா எங்க?”

அப்பா வந்தார். வேட்டியெல்லாம் தவிடு. கையில் தகரப்பெட்டி. யாரையும் பார்க்காமல் நேராகக் கட்டிலுக்குப் போனார், ஏறினார், இடது கையால் பரண் விளிம்பைப் பிடித்து நின்றார். வலது கையில் பெட்டியை வைத்து அந்தக் கையை உயர்த்தினார்.

கை இடுப்பைத் தாண்டியது, மாரைத் தாண்டியது, தோளையும் காதையும் தாண்டியது. தோள்பட்டை தன் இடத்திலேயே அடக்கமாக இருந்தது. கை நேராக வானத்தைப் பார்த்து நின்றது. பெட்டி தன் வழுவழுப்பான பாதையில் சர்ரென்று ஓடிப் பழைய சதுரத்தில் போய் உட்கார்ந்தது. கூடத்தில் அந்த ஒரு சத்தம்தான்.

இறங்கப் போனவர் திரும்பியபோது கட்டில் கால் நழுவியது. பெரியவர் சாய்ந்தார். அடுத்த நொடி கஸ்பார் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்திருந்தார். எப்படி வந்தார் என்று சொல்வதற்கில்லை, பாதித் தூரம் பறந்தார் என்றே வைத்துக்கொள்ளலாம். முழுசாகக் குந்தி, பெரியண்ணனின் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்து நிறுத்தினார்.

“அப்போ,” என்றான் அருள்குமார். “அப்போ நான் வாரா வாரம்... லீவு நாளுகூட வீட்டுல இல்லாம, பொண்டாட்டிகிட்டச் சண்ட போட்டு... தல வாரி வுட்டனேப்பா!”

“நல்லா வாருவே,” என்றார் பெரியண்ணன்.

அருள்குமார் முனியம்மாள் பக்கம் திரும்பினான். ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீ சொல்ல வேணாந் தம்பி. நீ தெரியாமச் சொன்ன.” பிறகு அவள் பெரியண்ணனைப் பார்த்தாள். “தெரிஞ்சே கம்முனு இருந்தவரு சொல்லட்டும். இங்க இல்ல. நாளைக்கிக் காத்தால சொசைட்டி வரிசையில. எம் பால்கேன அந்தத் தோளு மேல வச்சுத் தூக்கிட்டு வாங்க. ஊரே பாக்கட்டும். நாளைக்கி ஒரு நாளு மட்டுமில்ல. என்னிக்கி என் மனசு ஆறுதோ அன்னி வரைக்கும் தெனம்.”

பெரியண்ணன் தலையை ஆட்டினார். “கனமா இருக்குங்களா?”

“நான் தூக்குனேன்ல,” என்றாள் முனியம்மாள். திரும்பித் தொழுவத்துப் பக்கம் நடந்தாள். மாட்டைத் திட்டுகிற கன்னடம் கேட்டது. மாட்டுக்குப் புரியாத சொற்களும் அதில் நிறைய இருந்தன.

அருள்குமார் சங்கிலியை எடுத்துக்கொண்டான். விசேச வேலை நிறைய இருக்கிறது, அடுத்த ஞாயிறு வர முடியாது என்றான். அதற்கடுத்த ஞாயிறைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “சரிப்பா,” என்றார் பெரியண்ணன். கார் போன பிறகு அவர் நாற்காலிகளை அடுக்கப் போனார். நாலையும் தொட்டுவிட்டு, அடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

“மோரு குடிக்கலீங்களே,” என்றார்.

குடித்தார்கள். ஆளுக்கு இரண்டு சொம்பு. கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டி கதையை மணிமேகலை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இந்தத் தடவை கிணறு இன்னும் ஆழமாக இருந்தது.

*

திரும்பும் வழியில் கஸ்பார் வெற்றிக் களிப்பில் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஓடுகிற சாமந்தித் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆட்டோக் கண்ணாடியில் மணிமேகலையின் கண்கள் அடிக்கடி அவரைத் தொட்டுத் தொட்டுப் போயின.

“ஏன் சார், அவரு மேல கோவமா?”

“கோவமில்ல. ஒரு மனுசன் கொணமானத மறைக்கணும்னா அது எவ்வளவு பெரிய...” நிறுத்தினார். “எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.”

“ஆமாங்க சார். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.”

வீடு வந்தது. வேப்பமரத்தில் காக்கைகள் திரும்பியிருந்தன. உள்ளே போனால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், பிளசி கூப்பிடும் வரை பேசாத செல்போன். கஸ்பார் இறங்கினார், வாசல்படியில் கால் வைத்தார், ஏறினார். சாவியைத் தேடி நின்றபோதுதான் இடது கை காலியாக இருப்பது தெரிந்தது. ஊன்றுகோல் இல்லை. பெரியண்ணன் வீட்டுக் கட்டிலோரம் விட்டது. அங்கே கூடத்தில் பறந்தது, குந்தியது, அந்த வீட்டுப் படியில் வலது இடது பார்க்காமல் தபதபவென்று இறங்கியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர் மெல்லத் திரும்பினார்.

மணிமேகலை ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றிருந்தாள். கையில் அந்த ஊன்றுகோல்.

மாவட்டத்தின் அத்தனை மூட்டுகளையும் துப்பறிந்த மனிதர் தன் வலது முழங்காலைக் குனிந்து பார்த்தார். அது பார்க்க ரொம்ப ஆரோக்கியமாக இருந்தது.

“மணி,” என்றார். “அது வந்து...”

“ஏறும்போது நல்ல காலு மொதல்ல,” என்றாள் அவள். “நீங்க எந்தக் கால வச்சு ஏறுனீங்கன்னு நான் பாக்கல சார். ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

படியேறி வந்து ஊன்றுகோலை அவருடைய இடது கையில் வைத்தாள். சரியான கைதான்.

“வச்சிக்குங்க. நாளைக்கிக் காத்தால, புள்ளைங்கள ஏத்துறதுக்கு முன்னாடியே வரேன். பால் சொசைட்டி வரைக்கும் போயிப் பாக்கணும்ல, பெரியவரு கேன தூக்குறாரான்னு.” ஆட்டோவைக் கிளப்பிவிட்டு, சத்தத்துக்கு மேலே கத்தினாள். “அப்பிடியே வரும்போது கறிக்கடையில நிறுத்தறேன். அரைக் கிலோவா வாங்குங்க. எனக்குப் பசிக்கும்.”